அப்படி ஒருவர் இங்கே இல்லை

நாற்பத்திரண்டு பெண்கள் தங்கும் விடுதியில் முதல் பிரச்சினை படிப்பு அல்ல, சுடுதண்ணீர். ஹட்டனில் ஆகஸ்ட் மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கணேசமூர்த்தி ஐயா. பல்கலைக்கழகத்திலிருந்து விசாரணைக்கு வந்த இரண்டே நாளில் நீங்கள் கழுத்துக்கு மப்ளர் வாங்கிவிட்டீர்கள். பயிற்சி நடந்த மூன்று வாரமும் ஒரு பெண்ணைக்கூட நான் பச்சைத் தண்ணீரில் குளிக்க விடவில்லை. அதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குறை சொல்லத்தான் ஆள் வரும். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

பயிற்சியைப் பற்றி உங்கள் கோப்பில் இருக்கும். மலைநாட்டுப் பாடசாலைகளில் மேல்வகுப்புப் படிக்கும் பெண்களைப் பொறுக்கி எடுத்து, ஆகஸ்ட் விடுமுறையில் மூன்று வாரம் ஆங்கிலமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுத்து, முடிவில் ஒரு பரீட்சை. முதல் மூன்று பேருக்குப் பல்கலைக்கழகம் முடியும் வரை படிப்புதவி. ஒரு நாள் வராவிட்டாலும் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். விடுமுறைக்குப் பூட்டியிருந்த ஒரு பெண்கள் பாடசாலையை இதற்காகத் திறந்தார்கள். விரிவுரையாளர்கள் காலையில் வந்து மாலையில் போனார்கள். பெண்களோடு தங்கி, எழுப்பி, சாப்பிட வைத்து, வீட்டு நினைப்பில் அழுதால் தேற்றி, பத்திரமாகத் திருப்பி அனுப்பும் வேலை வார்டனாகிய என்னுடையது. மற்ற நாட்களில் நான் அதே பாடசாலையில் ஒரு சாதாரண ஆசிரியை.

முதல் நாள் காலை எல்லோரையும் மண்டபத்தில் நிற்கவைத்து இடாப்பில் பெயர் கூப்பிட்டேன். தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுவார்களே, அந்த மாதிரிதான். கண்டிப் பெண்கள், நுவரெலியாக் கடைக்காரர் வீட்டுப் பெண்கள் என்று வரிசையாகப் போய், "ராக்காயி" என்று வாசித்ததும் மண்டபம் முழுக்கச் சிரிப்பு. கறுப்பாக, உயரமாக ஒருத்தி பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கினாள். நெற்றியில் ஒரு தழும்பு. நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்று. அப்பா சோலைமலை, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி.

சிரித்தவர்களை நான் திட்டவில்லை. திட்டினால் இன்று அடங்கும், நாளைக்குச் சாப்பாட்டு மேசையில் ஆரம்பிக்கும். நோயை விட்டுவிட்டு இருமலுக்கு மருந்து கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

"இங்க வா. இனிமே உன் பேர் ராகினி" என்றேன்.

"வீட்டுல ராக்காயின்னுதாங்க மிஸ் கூப்புடுவாங்க."

"இது வீடு இல்லை."

"சரிங்க மிஸ்."

சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ராகினி என்று எழுதினேன். அவள் சந்தோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஒருத்தியும் சிரிக்கவில்லை. இதைத் தவறு என்று யாராவது சொன்னால், அவர் அந்தப் பின்வரிசையில் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

ஐயா, அந்தப் பெண் கெட்டிக்காரி. கெட்டிக்காரி என்பது சின்ன வார்த்தை. முதல் வாரம் வாயைத் திறக்கப் பயந்தவள், இரண்டாம் வாரம் ஆங்கிலப் பாடத்தை எழுந்து நின்று வாசித்தால் விரிவுரையாளரே புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்பார். மாலையில் அவளைத் தனியாக உட்காரவைத்து உச்சரிப்பைத் திருத்தினேன். சாப்பிடும் விதம், கதிரையில் உட்காரும் விதம், "என்னாங்க" என்று இழுக்காமல் பதில் சொல்லும் விதம், எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அவள் மீது எனக்கு இருந்தது அன்பு. அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

மூன்றாம் வாரத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை அந்தப் பதிவுத் தபால் வந்தது. உறையில் ராக்காயி என்று எழுதியிருந்தது. பெண்களுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிப்பது வார்டனின் கடமை, உங்கள் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. படித்தேன். அப்பாவுக்காகத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதியிருந்தார். அவர்களுடைய பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலை நுவரெலியாவில் விசாரணை. ஏற்கெனவே ஒரு தவணை போய்விட்டது, இதுதான் கடைசி. பிள்ளை இந்த நாட்டில் பிறந்ததற்கான பிறப்புப் பத்திரத்தைக் காட்ட வேண்டும். பயிற்சிக்குச் சேரும்போது மூலப்பத்திரத்தைக் கொடுத்திருக்கிறாயே, அதை வார்டன் அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு நீயும் வந்து சேர். அவ்வளவுதான் கடிதம்.

வெள்ளிக்கிழமை போனால் சனிக்கிழமை பரீட்சை அவளுக்கு இல்லை. நான் யோசித்தேன். அவசரப்பட்டு எதையும் செய்யவில்லை. பிறகு உறையைக் கஞ்சிப் பசையால் ஒட்டி, மேலே ஆங்கிலத்தில் எழுதினேன்: அப்படி ஒருவர் இங்கே இல்லை. இடாப்பைப் பாருங்கள், அதில் ராக்காயி இருக்கிறாளா? கோட்டுக்குக் கீழே இருப்பதையெல்லாம் கணக்கில் எடுக்க முடியாது.

கடிதம் திரும்பிப் போய்ச் சேர்ந்ததும், புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு சோலைமலை நேரிலேயே வந்துவிட்டார். காவல்காரர் வீரய்யா வந்து சொன்னபோது நானே கேற்றடிக்குப் போனேன். தலையில் சாக்கு, அதன் மேல் மழை. என்னைக் கண்டதும் சாக்கை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றார்.

"கும்புடுறேனுங்கம்மா. எங்க புள்ள ராக்காயி இங்கதாங்க படிக்குது. ஒரு நிமிசம் பாத்துட்டுப் போயிறேனுங்க."

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லைங்க."

"கடுதாசியும் அப்புடித்தாங்க திரும்பி வந்துச்சு. தோட்டத்துக் கண்டாக்கையா வாசிச்சுச் சொன்னாரு. நா நம்பலீங்க. அதான் நேர்ல கேட்டுட்டுப் போவம்னு வந்தேன். கறுப்பா, ஒசரமா இருக்குமுங்க. நெத்தியில தழும்பு. சின்னதுல என் கவ்வாத்துக் கத்திய எடுத்து வெளாண்டு பட்டுக்கிருச்சுங்க."

"இல்லைங்க."

அந்த நேரத்தில் வகுப்பறையில் ராகினி வாசிக்க ஆரம்பித்தாள். கேற்றிலிருந்து ஐம்பது அடிகூட இருக்காது. மழைச் சத்தத்தையும் மீறிக் குரல் தெளிவாகக் கேட்டது. நான் கேற்றை இன்னும் கொஞ்சம் சாத்தினேன், அதை ஒப்புக்கொள்கிறேன். சோலைமலை தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"யாருங்கம்மா அது, இங்கிலீசு இப்புடி வாசிக்குது? தொரை வீட்டுப் புள்ளைங்களா?"

"இங்க படிக்கிற பிள்ளைதான். ராகினி."

"நல்லா இருக்கட்டுங்க" என்றார்.

ஐயா, அந்த நிமிடத்தில் எனக்கு உண்டான பெருமையை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பெற்ற தகப்பனுக்கே குரல் பிடிபடவில்லை. மூன்று வாரம்கூட முடியவில்லை. இந்த நாட்டில் வேறு எந்த வார்டன் இவ்வளவு செய்திருப்பாள்?

"அப்ப எங்க புள்ள எங்கதாங்க போயிருக்கும்?" என்று கேட்டார். அது என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

அவரை நான் வெறுமனே விரட்டவில்லை. பல்கலைக்கழகம் கண்டிப் பக்கம்தான் இருக்கிறது, அங்கே போய் விசாரித்துப் பாருங்கள் என்று சொன்னேன். ரயில் எத்தனை மணிக்கு என்றுகூடச் சொன்னேன். வீரய்யா வாயைத் திறந்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன், மூடிக்கொண்டார். இப்போது உங்களிடம் திறந்துவிட்டார் போலிருக்கிறது.

சோலைமலை கண்டிக்குப் போனார். வியாழனும் வெள்ளியும் அங்கே ஒவ்வொரு வாசலாக ராக்காயி, ராக்காயி என்று கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். நுவரெலியாவில் வெள்ளிக்கிழமை அவர் பெயரைக் கூப்பிட்டபோது ஆள் இல்லை. விண்ணப்பம் தள்ளுபடி. பத்திரம் இல்லாமலாவது அவர் விசாரணைக்குப் போயிருக்கலாம். மகளைத் தேடுவது முக்கியம் என்று அவர் முடிவெடுத்தால் அதற்கு நான் பொறுப்பா?

நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். பெண்ணை அனுப்ப வேண்டாம், பத்திரத்தை மட்டும் அவர் கையில் கொடுத்திருக்கலாமே. பரீட்சைக்கும் பங்கமில்லை, விசாரணைக்கும் பங்கமில்லை. உண்மைதான். பத்திரம் என் அலுமாரியில் இருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது. இரண்டு நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்திரத்தில் இருந்த பெயர் ராக்காயி. அதை எடுத்து நீட்டினால் ராக்காயி இங்கே இருக்கிறாள் என்றாகிவிடும். அவளை நான் இல்லாமல் ஆக்கியிருந்தேன், ஐயா. கேற்றடியில் நனைந்த சாக்கோடு நின்ற ஒருவருக்காக அவளைத் திரும்பவும் கூட்டிவர என்னால் முடியாது.

அவள் சனிக்கிழமை பரீட்சை எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏற்றி அனுப்பினேன். தோட்டத்து லய வீடுகளில் அவளை ஓடிப்போனவள் என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாளாம். இதெல்லாம் அவள் ஒக்டோபரில் என் வீட்டுக்கு வந்தபோது சொன்னது. கையில் தேயிலைக் கொழுந்துக் கறை பிடித்திருந்தது. நான் தேநீர் கொடுத்தேன், கதிரையில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அப்பா வந்தாங்களாமே மிஸ்."

"வந்தார். உனக்குப் பரீட்சை இருந்தது."

தேநீரைக் குடிக்காமல் மேசையில் வைத்தாள்.

"அப்பீல் போட்டுருக்கோங்க. விசாரணைக்கு ஏன் வரலன்னு கேக்குறாங்க. ராக்காயியும் ராகினியும் ஒரே ஆளுதான், அப்பா தேடி வந்தாருன்னு நீங்க ஒரு வரி எழுதித் தந்தாப் போதும்னு சொல்றாங்க. ஒரே ஒரு வரிங்க மிஸ். இல்லாட்டி எங்கள இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்திருவாங்க. அந்த ஊர்ல எங்களுக்கு யாரையுமே தெரியாதுங்க."

மூன்று வாரத்தில் நான் திருத்திய பேச்செல்லாம் எங்கே போயிற்று என்று எனக்கு ஆத்திரம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே போய் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவளே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறாள்.

அதன் பிரதி உங்கள் கையில் இருக்கிறது. "ராகினி என்ற மாணவி எமது விடுதியில் தங்கியிருந்தார். அவருடைய நடத்தை மிகச் சிறந்தது. ராக்காயி என்ற பெயரில் எவரும் இங்கே தங்கியிருக்கவில்லை." ஒவ்வொரு வார்த்தையும் இடாப்பின்படி சரி. அப்பீலும் தள்ளுபடியானது.

நவம்பரில் பரீட்சை முடிவு வந்தது. ராகினி முதலிடம். அந்தக் கடிதத்தைப் பல்கலைக்கழகம் தோட்டத்து முகவரிக்கு அனுப்பியது. தோட்டத்து ஆபீசில் ராகினி என்று யாரைத் தெரியும்? அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். உறையில் அனுப்பியவர் முகவரியாகப் பயிற்சி விடுதியைப் போட்டிருந்ததால் அது என்னிடமே வந்து சேர்ந்தது. அப்போது அவள் தோட்டத்தில்தான் இருந்தாள், மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஜனவரியில்தான் கப்பலுக்காகத் தலைமன்னாருக்கு ரயில் ஏறினார்கள். இரண்டு மாதம் இருந்தது. இதோ கடிதம். மேசை லாச்சியிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். ராகினிக்கு வந்ததை ராக்காயி கையில் எப்படிக் கொடுப்பது?

நான்தான் செய்தேன். கடிதத்தைத் திருப்பியது நான், தகப்பனைத் திசைமாற்றி அனுப்பியது நான், அப்பீலைக் கெடுத்தது நான், இந்தக் கடிதத்தை ஒளித்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வருத்தம் தெரிவிப்பதாக மட்டும் எழுத வேண்டாம். நாளைக்கே இன்னொரு பயிற்சிக்கு என்னை வார்டனாகப் போட்டால், முதல் நாள் இதே சிவப்பு மையோடுதான் போவேன்.

இது ஒரு கல்நெஞ்சுக்காரியின் வேலை என்று உங்கள் முகம் சொல்கிறது. கேளுங்கள். நானும் நோர்வூட்டில்தான், லயத்துக் காம்பராவில்தான் பிறந்தேன். கமலினி என்பது நானே வைத்துக்கொண்ட பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி விடுதியில் இருந்தபோது, யாரையோ பிடித்து எழுதவைத்து அம்மா கடிதம் போட்டாள். உறையில் பேச்சாயி என்று இருந்தது. கூட இருந்த பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று எழுதித் தபால்காரரிடமே கொடுத்தேன். இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்தது. எதையும் பிரிக்கவில்லை. நாலாவது வரவேயில்லை. அம்மா என்னைப் புரிந்துகொண்டுவிட்டாள்.