மல்லாட்டை உரிக்கையில் ஒரு கிரேக்கச் சொல்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், என் முன் சீட்டில் தத்துவப் பரீட்சை எழுதிவிட்டு வரும் பெண்ணும், அவளோடு கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிக்கும் ஒரு அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, உன் வார்த்தைதான் இன்னிக்கு கேள்வியில வந்துச்சு."

"அய்யோ, என்னுதா?"

"மல்லாட்டை உரிக்கும்போது உங்க எல்லாரையும் எனக்காக ஆளுக்கொரு கிரேக்க வார்த்தை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே."

"யூடைமோனியா. மனுசன் நல்லபடியா வாழ்றது."

"எனக்கு அர்த்தமே மறந்துபோச்சுக்கா. அப்புறம் நீ மல்லாட்டைய ஒடச்சிக்கினே சொல்றது காதுல கேட்டுச்சு. மூணு பக்கம் எழுதிட்டேன்."



"பரீட்சைதான் முடிஞ்சிடுச்சே, வார்த்தையத் திருப்பிக் குடுத்துடணுமா?"

"வாணாக்கா, நீயே வெச்சிக்க."

"நல்லவேளை. எம் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன்."