மஞ்சள் தடவி விட்ட ஏழு விலாங்கு

என் பெயர் முனியம்மாள், வயது நாற்பத்திரண்டு, கணவர் வெள்ளைச்சாமி, அடையாறு ஆற்றங்கரைக் குப்பத்தில் குடியிருக்கிறோம். கணவர் ஆற்றில் மூங்கில் கூடு வைத்து விலாங்கு பிடிப்பார், நான் மயிலாப்பூரில் கூறு போட்டு விற்பேன்.

நேற்று 12.11.1976 காலை ஏழு மணிக்குக் கணவர் ஆற்றோர விலாங்குப் பண்ணைக்குள் புகுந்து நான்கு சிமெண்டுத் தொட்டிகளைக் கடப்பாரையால் உடைத்தது உண்மை. நான் தடுக்கவில்லை.

இரண்டு வருடமாக ஆற்று விலாங்கு இளைத்து, மேலாக மிதந்தது. அறுத்தால், மீன் மிதக்க உதவும் காற்றுப்பைக்குள் கறுப்புப் புழு, நனைந்த நூல்கண்டு போல. வாடிக்கைக்காரர் அமீனா பீ பார்த்துவிட்டு, "இன்னா முனியம்மா, இத்த புள்ளைங்களுக்கு எப்டிக் குடுக்கிறது?" என்றார். அதன் பிறகு யாரும் வாங்கவில்லை. கணவர் கூட்டைக் கரையில் கவிழ்த்துவிட்டு, "பண்ணைக்காரன் நம்ம ஆத்தையே கொன்னுட்டான்" என்று தினமும் புலம்பினார். சோறு இறங்கவில்லை.

போன வாரம் பண்ணை மேற்பார்வையாளர் ராமானுஜத்திடம் சண்டைக்குப் போனேன். அவர், "வெளிதேசத்து மீனோட வந்த புழும்மா. எங்க தண்ணி ஆத்துக்குப் போறதில்லை. சீக்கு மீனைக் குழியில போட்டுடறோம். உசிரோட ஆத்துல விழுந்தாத்தான் பரவும்" என்றார். மருந்து கேட்டேன், இல்லை என்றார். காற்றுப்பை கெட்ட விலாங்கு முட்டையிடக் கடலாழம் போய்ச் சேராது, இனிமேல் குஞ்சுக்கு வழியில்லை என்றும் சொன்னார்.

எங்கள் குப்பத்தில் ஆடிப்பெருக்கன்று பிடித்த முதல் விலாங்குக்கு மஞ்சள் தடவி ஆற்றுக்கே விடுவோம். 1974-இல் கூட்டில் ஒன்றும் விழவில்லை. அன்று பண்ணைக் குழியில் ஏழு விலாங்கு மண் மூடாமல் துடித்துக்கொண்டு கிடந்தன. பாவமாக இருந்தது. முந்தானையில் அள்ளி வந்து, மஞ்சள் தடவி, ஆறு நிறைய மீன் கொடு தாயே என்று கும்பிட்டு, நான்தான் விட்டேன். கணவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கடப்பாரையைத் தொட்டிருக்க மாட்டார். போன வாரமே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. குற்றம் என்னுடையது, அவரை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்டேஷனில் இதை எழுதிக்கொண்டிருந்த ஏட்டு, "ஆத்துல மீன் வுட்டதுக்கு இன்னாம்மா கேஸ் கீது?" என்றார். எழுதத்தான் வேண்டும் என்றேன். கணவர் காதுக்கு மட்டும் போக வேண்டாம் என்றும் சொன்னேன். அதன் பிறகு, எழுதியதைப் படித்துக் காட்டுவதுதான் முறை என்று அவர் உரக்கப் படித்தார். லாக்கப்பில் இருந்த கணவர் காதிலும் அது விழுந்தது. நான் கூப்பிட்டதற்குச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மேலே உள்ள அத்தனையும் என் வாயால் சொன்னது, ஒரு சொல்லும் பொய்யில்லை.

(முனியம்மாள், இடது பெருவிரல் ரேகை)