ரசிகர்களுக்கு அனுமதி இல்லை

இல்ல ரவாத் தம்பி, பந்து கூடைக்குள்ள போச்சா இல்லையான்னு இப்ப சொல்ல மாட்டேன். எத்தனை தடவை கேப்ப? ஆஸ்பத்திரி வாசல்ல சொல்றேன், போதுமா? அதுவரைக்கும் கண்ணை மட்டும் மூடாத. தலையில அடிபட்டவனைத் தூங்க விடக்கூடாது, பேசிக்கிட்டே இருன்னு வண்டி ஓட்டுறானே என் மச்சான் நஜீப், அவன் சொல்லியிருக்கான். கழுத்தையும் அசைக்காத. ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கேன்ல.

பிடிக்கிறதே சரியில்லையேன்னா பாக்குற? நான் ஆம்புலன்ஸ் ஆளே இல்லப்பா. ஏ, எழுந்திரிக்காத, படு. பெய்ரூட்ல பாத்ரூம் டைல்ஸ் விக்கிறவன் நான். பேரு ஷஃபீக். இந்தச் சிவப்புச் சட்டை நஜீப்போட கூட்டாளியோடது. வயித்துக்கிட்ட பட்டனே போட முடியல, பாரு.

உனக்கென்ன, மர்ஃபா பாஸ்கெட்பால் டீமுக்கே நீதான் ஸ்டாரு. எங்க கஷ்டம் உனக்கு எங்க தெரியும்? அக்டோபர்ல முதல் மேட்சிலேயே எங்க ஜிஸ்ர் கிளப் ரசிகர்களும் உங்க ரசிகர்களும் நாற்காலியைத் தூக்கி எறிஞ்சுக்கிட்டானுங்க. சங்கத்துக்காரங்க சீசன் முழுக்க ரசிகர்கள் உள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க. நீங்க பாட்டுக்குக் காலி அரங்குல ஆடிட்டுப் போயிட்டீங்க. நான் கேலரியில மேளம் அடிக்கிறவன். நான் எங்க போறது?

டிவியா? என் பொண்டாட்டி மார்லீனும் இதேதான் கேட்டா. கரண்ட் இருந்தாத்தானே. எங்க தெரு ஜெனரேட்டர்காரன் கரெக்டா ஆட்டம் முடியுற நேரமாப் பாத்துதான் அணைப்பான். அதனால ஒரு மேட்சுக்கு நிருபர்னு சொல்லிக்கிட்டு உள்ள போனேன். ஆட்டம் முடிஞ்சு பேட்டி எடுக்குற இடத்துல, உங்க கோச்சைப் பாத்து வெக்கமா இல்லையாய்யான்னு கேட்டுப்புட்டேன். கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டாங்க.

அப்புறம் அரங்குக்குப் பின்னாடி, சுவரோரமா நின்னு மேளம் அடிச்சேன். உள்ள ஆடுற எங்க பசங்களுக்குத் தெம்பா இருக்கட்டும்னுதான். அவனுங்க தோத்துக்கிட்டே இருந்தானுங்க. ஒருநாள் எங்க கேப்டனே வெளிய வந்து, அண்ணே, உங்க சத்தத்துல கோச் சொல்றது ஒண்ணுமே கேக்கல, வீட்டுக்குப் போங்கன்னான். போயிட்டேன். அன்னையிலேருந்து வரிசையா ஜெயிச்சு ஃபைனலுக்கே வந்துட்டானுங்க. இதை எவன்கிட்டயும் சொல்லிராத.

சிரிக்காத, கழுத்து ஆடுது. சரி சரி, சிரி. தூங்காம இருந்தாச் சரி.

அதான் ஃபைனலுக்கு இந்த வேஷம். நஜீப் கால்ல விழாத குறை. சும்மா உக்காந்திரு, அங்க யாருக்கு என்ன ஆகப்போகுதுன்னான். எங்க கிளப் கோப்பையைத் தொட்டு இருபது வருஷமாச்சு தம்பி. காலையில வாங்குன மனாகீஷ் ரொட்டியை அப்படியே நஜீப்கிட்ட குடுத்துட்டேன். இன்னிக்கு ஒரு பாயிண்ட் முன்னாடி இருக்கோம், ரெண்டே செகண்டுதான் பாக்கி, பந்து உன் கையில. வாய்க்கு வந்தபடி உன்னைச் சபிச்சேன். கை முறியணும்னெல்லாம் இல்ல, குறி தப்பணும்னு.

நீ எகிறி எறிஞ்ச. எங்க சென்டர், அந்தத் தடிப்பய, அப்படியே வந்து உன் மேல விழுந்தான்.

ரவாத்? தம்பி. டேய் ரவாத், இங்க பாரு. கண்ணைத் திற. திறடா ராசா. உங்கம்மா பேரு சொல்லு. ம். இன்னொரு தடவை சொல்லு. நல்ல பேரு. பாவிப்பய, என் உசுரே போயி வந்துச்சு.

இந்தா, வந்தாச்சு. கதவைத் திறக்குறாங்க. ஆமா, சொல்றேன்னேன், இல்லேங்கல.

எனக்குத் தெரியாது தம்பி. சத்தியமாத் தெரியாது. நஜீப்பைக் கேட்டும் புண்ணியமில்ல, அவன் வெளிய சிகரெட் பிடிச்சிக்கிட்டு இருந்தான். ஆளில்லாத அரங்கு பாரு, உன் தலை தரையில மோதுன சத்தம் எனக்கு அவ்வளவு தெளிவாக் கேட்டுச்சு. பந்து அப்ப இன்னும் மேலதான் போய்க்கிட்டு இருந்துச்சு. நான் எந்திரிச்சு ஓடி வந்துட்டேன். ரெண்டு டீம் பசங்களும் கத்துனானுங்க. எவன் சந்தோஷத்துல கத்துனான், எவன் வயித்தெரிச்சல்ல கத்துனான்னு யாரு கண்டா? அந்த ஒரு பந்தைப் பாக்கத்தான் சீசன் பூரா நாய் படாத பாடு பட்டேன். பாக்கல. உன் தலையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

சிஸ்டர், மெதுவா. பேரு ரவாத். முழிச்சுத்தான் இருக்கான்.