‘எதுக்கு’ என்று எழுதிய மருத்துவர்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களே! மருத்துவர்களே! செவிலியர் சகோதரிகளே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் வார்டு ஊழியர்களே! முன்வரிசையில் இருக்கும் டாக்டரின் துணைவியார், என் அன்புக்குரிய அக்கா அவர்களே! பழக்கதோஷத்தில் இரங்கல் கூட்டத்துக்கும் மாத்திரைப் பையோடு வந்துவிட்ட நோயாளிகளே! இந்த மருத்துவமனையின் தலைமை மருந்தாளராகிய நான் கனத்த நெஞ்சோடு உங்களை வணங்குகிறேன்.

நம் பொது மருத்துவப் பிரிவின் தலைவர், பட்டங்கள் பல பெற்ற பெருமகன், நம்மை விட்டுப் போய்விட்டார். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் வேறு. நாம் வைத்த பெயர் ‘எதுக்கு டாக்டர்’. ஏன் அந்தப் பெயர்? யார் உள்ளே போனாலும் பையில் இருக்கும் மாத்திரைகளை மேசையில் கொட்டச் சொல்வார். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, “இது எதுக்குச் சாப்பிடுறீங்க?” என்பார். பரீட்சை வைக்கும் குரலா அது? இல்லை! கதை கேட்கும் குரல்! “வெள்ளை மாத்திரை பிரஷருக்கு டாக்டர், மஞ்சள் மாத்திரை வெள்ளை மாத்திரைக்குத் துணைக்கு” என்று ஒரு பெரியவர் சொன்னாராம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

மருந்துச் சீட்டில் மருத்துவர்கள் எழுதும் சுருக்கெழுத்துகள் உங்களுக்குத் தெரியுமா? பி.டி. என்றால் இரண்டு வேளை. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். ஏ.சி. என்றால் உணவுக்கு முன். எல்லாம் லத்தீன்! பேசும் ஆட்கள் போய்ச் சேர்ந்த மொழி, இன்னும் நம் மாத்திரை டப்பாவில் குடித்தனம் நடத்துகிறது. ஒருநாள் ஒரு அம்மா டாக்டரிடம் சங்கடத்தோடு கேட்டார்: “டாக்டர், இந்த மாத்திரைய ஏ.சி.ல போடணும்னு எழுதியிருக்கீங்க. எங்க வீட்டுல ஃபேன்தான் இருக்கு. தினம் பேங்க்ல போய் உட்கார்ந்து போட்டுட்டு வர்றேன். வாட்ச்மேன் முறைக்கிறாரு.”

அன்றே டாக்டர் சுருக்கெழுத்தைத் தலைமுழுகினார். எதிர்த்தவள் யார் தெரியுமா? நான்தான். “நீங்க கதை எழுதிட்டு இருந்தா என் மருந்து ஜன்னல்ல நிக்கிறவங்களுக்கு முடி நரைச்சிடும்” என்றேன். “நரைச்சா பரவாயில்ல, புரிஞ்சு நரைக்கட்டும்” என்றார். வாய்க்கு வாய் பதில் வைத்திருக்கும் மனிதர்! நான் ஒரு சொல் சொன்னால் அவரிடம் இரண்டு இருக்கும்.

‘உணவுக்கு முன்’ என்று எழுதினால் போதுமா? போதாது என்று அவருக்குக் காட்டியவர் ஒரு தையல்காரர். ஊசியில் நூல் கோர்க்க முடியாத அளவுக்குக் கை நடுக்கம். டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். சரியான மருந்து, நடுக்கமும் குறைந்தது. ஆனால் அவருடைய மருமகன் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, “மாமா, இது ஹார்ட் மாத்திரை. உங்ககிட்ட மறைக்கிறாங்க” என்று கொளுத்திப் போட்டான். அவ்வளவுதான்! மனிதர் மாடிப்படி ஏறுவதை நிறுத்தினார். கடையைப் பூட்டினார். பேத்தியைத் தூக்கவும் பயந்தார். இல்லாத இதய நோயோடு மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார்!

விஷயம் தெரிந்ததும் டாக்டர் என் ஜன்னலுக்கு வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. “என்ன மருந்துன்னு எழுதினேன், எத்தனை வேளைன்னு எழுதினேன். எதுக்குன்னு எழுதலையேம்மா” என்றார். அன்றிலிருந்து அவர் எழுதிய ஒவ்வொரு மருந்துக்குப் பக்கத்திலும் அதன் காரணம் இருந்தது. ‘கை நடுக்கத்துக்கு.’ ‘ரத்தக்கொதிப்புக்கு.’ ‘தலைவலி வராமல் இருக்க.’ இந்த மூன்றுக்கும் ஒரே மாத்திரைதான் என்றால் வியப்பாக இல்லையா? மருந்தின் பெயர் ‘லால்’ என்று முடிந்தால் ஒரு மருந்துக் குடும்பம், ‘ப்ரில்’ என்று முடிந்தால் இன்னொரு குடும்பம் என்று மாணவர்கள் ஒப்பிப்பார்கள். டாக்டர் விடமாட்டார். “குடும்பம் தெரிஞ்சிடுச்சு, சரி. பையன் எந்த வீட்டுக்கு என்ன வேலையா போயிருக்கான்னு யார் சொல்றது?”

கண்காணிப்பாளர் ஐயா, இப்போது நான் சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கலாம். புதிய கணினிச் சீட்டில் அந்தக் காரணத்துக்கு இடம் இல்லை. நேரம் மிச்சமாகிறது என்கிறீர்கள். யாருடைய நேரம் ஐயா?

அக்காவின் சம்மதத்தோடு இதைச் சொல்கிறேன். டாக்டர் போன சில நாட்களில் அக்கா அந்தப் புதுச் சீட்டோடு என் ஜன்னலுக்கு வந்தார். “தங்கச்சி, இது எதுக்கு?” என்றார். பார்த்தேன். மனச்சோர்வுக்கும் கொடுப்பார்கள், நரம்பு வலிக்கும் கொடுப்பார்கள், அப்படிப்பட்ட மாத்திரை. இரண்டில் எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. அதை அப்படியே சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “அவர் போனதுல எனக்குப் புத்தி பேதலிச்சிடுச்சுன்னு நினைக்கிறாங்களாம்மா?”

இல்லை! பாத எரிச்சலுக்குத்தான் அந்த மாத்திரை. எழுதிய மருத்துவரை அழைத்துக் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்த அழைப்பு முடியும்வரை அக்காவின் விரல்கள் என் கையை விடவில்லை. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த மனிதரின் மனைவிக்கு இந்த நிலைமையா! எனக்குத் துக்கத்தோடு கோபமும் சேர்ந்து வந்தது. அது இன்னும் ஆறவில்லை.

மலர்வளையம் வைத்தோம், மௌனமாக நின்றோம். அது போதுமா? மருந்தகத்தில் இருக்கும் நாங்கள் எல்லோரும் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். சீட்டில் சந்தேகம் இருந்தால் எழுதிய மருத்துவரைக் கேட்டுத் தெளிய வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. காரணம் எழுதாத எல்லாச் சீட்டிலும் நாளை முதல் எங்களுக்குச் சந்தேகம் வரும்! நோயாளியை நிற்க வைக்க மாட்டோம். உட்கார வைத்துவிட்டு, மருத்துவர்களே, உங்களை அழைப்போம். வார்டில் இருந்தாலும் அழைப்போம், கூட்டத்தில் இருந்தாலும் அழைப்போம். நீங்கள் சொல்லும் காரணத்தை எங்கள் கையால் சீட்டில் எழுதிக் கொடுப்போம். கணினியில் அதற்கு ஒரு இடம் வரும்வரை ஓயமாட்டோம். எங்கள் டாக்டருக்கு நாங்கள் செலுத்தும் அஞ்சலி இதுதான்.

கண்காணிப்பாளர் ஐயா, நாளை காலை வெளிநோயாளிகளைப் பார்க்கப்போவது நீங்கள். போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.