பாதைக் கணக்கில் பேரில்லாதவர்கள்

"ஹலோ... ஹலோ... நான் பேசி முடியட்டும் லெப்பே, நீங்க குறுக்க... இல்ல, கேளுங்க... உங்களக் கள்ளன் எண்டு நான் எப்ப சென்ன? ஊர் செல்லுது எண்டுதான் சென்ன. ...ஓ. ...ஓ, ஓ. ஒண்டு அழுங்க, இல்லாட்டி பேசுங்க. ரெண்டையும் ஒண்டா செஞ்சா எனக்கு விளங்காது."

கண்டி நகரத்துக் கொழும்புத் தெருவில் அரிசிக் கடை வைத்திருந்த ஸெய்னுலாப்தீன் முதலாளி, சுவர் டெலிபோனின் குழலைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். மறுமுனையில், கலகெதரத் தபால் கந்தோரில் நின்றவர் மக்கீன் லெப்பை. ஊர்ப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவர். ஊரும், தோட்டத்து லயங்களில் குடியிருந்த கூலியாட்களும் காலங்காலமாக நடந்த பாதைக்குத் தோட்டத்துத் துரை இரும்புக் கேட்டுப் போட்டுப் பூட்டிவிட்டார். கோர்ட்டுக்குப் போய்ப் பாதையை மீட்க ஊரெல்லாம் காசு சேர்த்தது. அதற்காகக் கூட்டிய சங்கத்துக்கு முதலாளி தலைவர், லெப்பை பொருளாளர். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் கணக்கு வாசிக்க வேண்டும்.

கணக்கில் ஒரு சதமும் குறையவில்லை. முதலாளிக்கு அது தெரியும். ஆனால் பன்னிரண்டு இடத்தில் பேருக்குப் பதிலாக 'ஓர் அடியான்' என்று மட்டும் எழுதியிருந்தது. மறைத்துக் கொடுக்கிற தர்மத்துக்குப் பேர் எழுதக் கூடாது என்பது லெப்பையின் பழக்கம். இந்தப் பன்னிரண்டு பேரும் அந்தத் தோட்டத்திலேயே சம்பளம் வாங்குகிறவர்கள். வெளியே தெரிந்தால் துரை வேலையை நிறுத்திப் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டே இறக்கிவிடுவார்.

முதலாளிக்கு எதிரே கதிரையில், மடியில் கொப்பியும் கையில் பென்சிலுமாகத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் தனபாலன் உட்கார்ந்திருந்தார். துரை அனுப்பிய ஆள். பேர்களைக் கொடுத்தால் வருகிற மாதம் முதல் தோட்டத்து அரிசி முழுவதும் ஸெய்னுலாப்தீன் கடையில்தான் என்று துரை சொல்லியனுப்பியிருந்தார்.

"பக்கத்துல ஆரு? ...ஆருமில்ல லெப்பே. நானும் அரிசி மூடையும்தான். ...மாரியம்மனக் கும்புடுறவன் எப்ப அல்லாஹ்ட அடியானாகின? ...எல்லாரும் அவன்ட அடியான்தானா? சரி, சரி. ஓதின மனிசன், உங்களோட நான் அதுல சண்டைக்கு வரேல. ஆனா ஜமாஅத்து கேக்குமே, இந்தப் பன்னெண்டு பேரும் உங்கட வயித்துக்குள்ளயா ஈக்கிறாங்க எண்டு? ...ஓ. ...எனக்கிட்ட மட்டும் செல்லுங்க. நான் கேட்டுக்கொண்டா போதும். நானே எழும்பி, பாத்தேன், சரி எண்டு செல்லுவேன். ...ஹலோ? எக்ஸ்சேஞ்சா? வெட்ட வாணாம் மிஸ், இன்னும் மூணு நிமிஷம் போடுங்க. ...லெப்பே, இந்த மூணு நிமிஷமும் என்ட காசு. உங்கட மானத்துக்கு நான் செலவழிக்கிறேன்."

லெப்பை இளகிவிட்டார் என்பது முதலாளிக்குக் குரலிலேயே தெரிந்தது. லைன் சரியில்லையென்று, ஒவ்வொரு பேராக மெதுவாகச் சொல்லச் சொன்னார். கேட்ட பேரை உரக்கத் திருப்பிச் சொன்னார்.

"செல்லச்சாமி. ...அம்பது சதம். ...லெட்சுமணன். எந்த லெட்சுமணன்? ...ஆ, தேயில கவ்வாத்து வெட்டுறவன். ...வடிவம்மா. அவட புருசன்? ...மவுத்தா? ...ரெண்டு புள்ளயோட தனியா. ...மூக்குத்திய அடகு வெச்சா? பாவம்."

பென்சில் வடிவம்மாவையும் எழுதியது. இப்படியே பதினொரு பேர் கொப்பியில் ஏறினார்கள். அதற்குமேல் கிளாக்கர் கொப்பியை மூடினார். உள்ளங்கையைக் காட்டி, போதும் என்று சைகை செய்தார்.

முதலாளி தலையாட்டி மறுத்தார். முப்பது வருச வியாபாரத்தில் ஒரு வரியைத் திறந்து வைத்துவிட்டுப் பேரேட்டை மூடிய பழக்கம் அவருக்கு இல்லை. கிளாக்கர் மறுபடியும் கையைக் காட்டினார். இந்த முறை கை கொஞ்சம் அவசரப்பட்டது. சோம்பேறி, இன்னும் ஒரு பேர் எழுத நோகிறதாக்கும் என்று முதலாளி நினைத்துக்கொண்டார்.

"பன்னெண்டாவது? ...அஞ்சு ரூவாயா? அது கூலியாள்ட காசில்லயே. ...செல்லேலாதா? ...சத்தியம் வாங்கினாரா? நல்லம். அப்ப நானும் ஒரு சத்தியம் பண்ணுறேன். வெள்ளிக்கிழம எழும்பி, இந்த அஞ்சு ரூவாய லெப்பை தின்னுட்டார் எண்டு செல்லுவேன். உங்கட மகள் றமீலாட கலியாணப் பேச்சு ஈக்குதே, மாப்புள வீட்டாரும் அந்தப் பள்ளியிலதான் ஈப்பாங்க. ...அழ வாணாம். பேரச் செல்லுங்க."

கிளாக்கர் கதிரையை விட்டு எழுந்தார். எங்கே போவதென்று தெரியாதவர்போல மறுபடியும் உட்கார்ந்தார்.

"...ஓ. ...ஓ. ...பொஞ்சாதிக்கு வலி வந்து தூக்கிக்கொண்டு வந்தாங்களா? ...ஞாயித்துக்கிழம. ...வாச்சர் இல்ல, கேட்டு பூட்டு. ...ஆஸ்பத்திரிக்குச் சுத்திப் போக நாலு மைல். ...ஓ. புள்ள? ...தாயும்? ...ம். அதுதான் அஞ்சு ரூவா. ...ஆரு? ...இன்னொருக்காச் செல்லுங்க."

பதினொரு பேரைத் திருப்பிச் சொன்ன வாய் இந்தப் பேரைத் திருப்பிச் சொல்லவில்லை. முதலாளி திரும்பி எதிர்க் கதிரையைப் பார்த்தார். கிளாக்கர் சாக்கு மூட்டையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"...சரி லெப்பே. ...ஓ, ஓ, வெள்ளிக்கிழம நானே எழும்பிச் செல்லுறேன், கணக்குச் சரி எண்டு. ...ஆருக்கும் செல்ல மாட்டேன். ...வெக்கிறேன்."

குழலைக் கொளுவிவிட்டு வந்து எதிரே அமர்ந்தார். தோட்டத்து அரிசி பில்லில் எடை சரியென்று கையெழுத்துப் போடுகிறவர் பெரிய கிளாக்கர்தான் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. இனி எடை குறைந்தாலும் அந்தக் கையெழுத்து விழும் என்ற நினைவு இனித்தது. கிளாக்கரின் மடியிலிருந்த கொப்பியை விரித்து, கீழே நழுவிக் கிடந்த பென்சிலை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"பன்னெண்டாவது பேர நீங்களே எழுதுறீங்களா கிளாக்கர், இல்லாட்டி நான் எழுதவா?"