மூன்று வீட்டுப் பருப்பு

— “உங்க வீட்டுக்கு மாசம் எத்தனை கிலோ துவரம்பருப்பு ஆகும்?” இதைத்தான்க்கா நீ என்கிட்ட முதமுதல்ல கேட்டே. கல்யாணமாகி இந்த மெட்டுகுடா குவார்ட்டர்ஸுக்கு வந்து ரெண்டு நாள்கூட ஆகல. பேரைக் கேக்கல, ஊரைக் கேக்கல.

— பேரு எதுக்குக் கேக்கணும்? ‘இருதயராஜ், ஃபிட்டர்’னு கதவுல எழுதி இருந்திச்சு. பருப்புக் கணக்கு எழுதல. நீ இன்னா சொன்னே, ஞாபகம் இருக்குதா, ஸ்டெல்லா?

— தெரியாதுன்னேன். அம்மா வீட்டுல சமையக்கட்டுப் பக்கம் போனவளா நானு?

— மாமியார், மச்சினருங்களோட அஞ்சு பேரு. சரி, நாலு கிலோன்னு நானே வச்சுக்கினேன்.

— அப்ப நான் வந்து ஆறு மாசம், பாத்துக்கிடுங்க. மொத்தக் கடையில பத்துக் கிலோவுக்குக் கொறஞ்சா மொத்த வெலைக்குத் தர மாட்டான். அக்காவும் நானும் மூணாவது வீட்டுக்கு அலையோ அலைன்னு அலைஞ்சோம்.

— அப்படிச் சொல்லு வள்ளி. நீங்க ரெண்டு பேரும் அன்னிக்கு வாயெல்லாம் பல்லா சிரிச்சது என்னைப் பாத்து இல்ல. என்னோட நாலு கிலோவைப் பாத்து.

— பின்ன? மாசத்து முதல் ஞாயிறு, முதல் பஸ்ஸு. நாம மோண்டா மார்க்கெட்டுல எறங்கும்போது சேட்டு அப்பதான் சாமிக்கு ஊதுபத்தி கொளுத்துவாரு. நம்மளைப் பாத்ததும், ‘ரயில்வே அம்மாங்க வந்தாச்சு, இனிமே எனக்கு லாபம் இல்ல’ம்பாரு.

— புளிக்கு நீ பேரம் பேசுவே வள்ளி. கொட்டையைக் காட்டிக் காட்டியே கிலோவுக்கு ரெண்டு ரூபா கொறைப்பே. அந்தாளு கையெடுத்துக் கும்பிடுவாரு.

— அப்புறம் இதே கூடத்துல, அக்காவோட பழைய பொடவையை விரிச்சு, மூணு குவியல். அக்கா கையால பிரிக்கும், நாம காப்பி குடிப்போம்.

— வாயும் அடிப்பீங்க, அதை விட்டுட்டியே.

— அடிக்காம? எங்க வீட்டு ஆளு ரெண்டு வருசம் சஸ்பென்சன்ல கெடந்தப்போ அந்த ஞாயித்துக்கெழமை ஒண்ணுதானக்கா எனக்கு ஆறுதல். அரைச் சம்பளம், நாலு பிள்ளைங்க. ‘எனக்கு மூணு கிலோ போதும்’னு அக்காகிட்ட சொல்லிட்டேன். மூணு கிலோவுல முப்பது நாளும் ஓட்டுனேன் ஸ்டெல்லா. சொரக்காயைப் போடுவேன், பப்பாளிக்காயைப் போடுவேன். ஒருத்தர் வாசல்ல போயி ஒரு ஆழாக்கு கேட்டிருப்பனா? இன்னைக்கும் பக்கத்து லைன் பொண்ணுங்க, ‘எப்படி அத்தை ஓட்டுனீங்க’ன்னு எங்கிட்டதான் கேக்க வாராளுவ. எம் மருமவகூட நம்ப மாட்டேங்கா.

— வள்ளி, கொழாய்ல தண்ணி வர்ற சத்தம் கேக்குது பாரு.

— அய்ய, ஆமா. கொடத்தை வச்சிட்டு வாரேன். எம் பங்குப் பை அங்கனயே இருக்கட்டுங்க்கா.

— போயிட்டாளா? அக்கா, அவ வர்றதுக்குள்ள ஒண்ணு கேட்டுடறேன். பெரியவனுக்கு வேலை போயிடுச்சு. அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிட்டான். பருப்பு தொண்ணூறு ரூபா விக்கிது. குவார்ட்டர்ஸை விட்டு அல்வாலுக்குப் போயிட்டா என்ன, அங்கேர்ந்து நான் பஸ்ஸுல வந்துடறேன். அடுத்த மாசம் என்னையும் சேத்துக்கறியா?

— எங்களுக்கும் மூணாவது வீடு இல்ல. ராமசுவாமி வீட்டுக்காரங்க போன மாசம்தான் மாத்தலாகிப் போனாங்க. இந்த மாசம் ஆளுக்கு அஞ்சு கிலோ தலையில கட்டிக்கினோம். சேத்துக்கிறேன். ஆனா ஏழு வருசத்துக்கு முன்னாடி நீ ஏன் நின்னே? அதைச் சொல்லு.

— ஹவ் அக்கா, தார்னாக்காவுல பெரிய கடை தொறந்தாங்கல்ல. ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீன்னு பசங்க...

— பொய் சொல்லும்போதுதான் உனக்கு ‘ஆமா’ போயி இந்த ஊரு ‘ஹவ்’ வரும். நெசத்தைச் சொல்லு.

— நக்கோ அக்கா, வேணாம், வருத்தப்படுவே.

— ஏழு வருசமா பட்டுக்கினுதான் இருக்கேன்.

— பழைய பேப்பர்காரன் தராசுல என் பங்கை நிறுத்துப் பாத்தேன். நாலு கிலோ இல்ல, மூணே முக்கால். மூணு மாசம் பாத்தேன், மூணு மாசமும் அதே மூணே முக்கால். பிரிக்கிறது நீ. வேற யாரை நினைப்பேன்? உன் மூஞ்சிக்கு நேரா கேக்க வாய் வரல, நின்னுட்டேன்.

— எடுத்தது நான்தான்.

— அக்கா?

— உன் பங்குல கால் கிலோ, என் பங்குல அரைக் கிலோ. எடுத்து வள்ளி பையில போட்டேன். நாலு புள்ளைங்க கீற வீட்டுக்கு மூணு கிலோ எப்படிடி காணும்? கையில குடுத்தா வாங்க மாட்டா. உன்கிட்ட சொன்னா நீ பாவம் பாத்து அவளைப் பாப்பே, அந்தப் பார்வையிலயே அவ கண்டுபிடிச்சுருவா.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏழு வருஷம் வீணாப் போயிருக்காதேக்கா.

— தெரியும். உன்னை விட்டேன், அவ மானத்தை வச்சுக்கினேன்.

— அப்போ வள்ளி மூணு கிலோவுல ஓட்டினது...

— அவ மூணு கிலோவுல ஒரு மாசம்கூட ஓட்டல. கெட்டிக்காரிதான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்தக் கதையைச் சொல்லும்போது அவ நெஞ்சை நிமித்துவா பாரு, அதுக்காவ நான் தலையாட்டுவேன். இனிமே நீயும் ஆட்டு.

— அக்கா.

— இன்னா?

— பின்னாடி பாரு.

— வள்ளி. எவ்ளோ நேரமா நிக்கிறே? உள்ள வா. கொடத்தை எறக்கி வைடி, இடுப்பு வலிக்கப் போவுது.

— வள்ளி, இங்க வந்து உக்காரு. நாங்க ஏதோ பழசு பேசிக்கிட்டு...

— பேசுடி. திட்டணும்னா என்னைத் திட்டு. இவளுக்கு இப்பதான் தெரியும்.

— அக்கா, போறாக்கா. பையைக்கூட எடுக்கல. கூப்பிடு.

— இன்னான்னு சொல்லிக் கூப்பிடுவேன், ஸ்டெல்லா?