றெக்கை வெச்ச காரு

இன்னும் காணமே, பாத்தீங்களா... மெக்கானிக்கக் கூட்டியாறேன்னு போன மனுசன், போயி ஒரு மணி நேரமாச்சு. மெக்கானிக்கு முருகானந்தம் ஊடு அந்தா, அந்தப் பலாமரத்துக்கு அக்கட்டால. இங்கிருந்து கூப்புட்டாலே காது கேக்குமுங்க. இவரு போற வழியில எவனாவது சிக்கியிருப்பான், காரப் பத்திப் பேசிட்டு நிப்பாரு. நீங்க உக்காருங்க தம்பி. தவ்பீக்குன்னுதானுங்களே பேரு சொன்னீங்க? ராசிபுரத்துல இருந்து பஸ் ஏறி, மலையில எழுவது வளைவும் சுத்தி வந்திருக்கீங்க, மண்ட கிறுகிறுன்னுதான் இருக்கும். உக்காருங்க. காரு எங்கீங்க போயிரப் போவுது. அதான் காலையில இருந்து கெளம்பவே மாட்டீங்குதே.

வாங்க வந்த ஆளுகிட்ட நான் சொல்லக் கூடாதுதான். ஆனா மனசுல வெச்சுக்க எனக்குத் தெரியாதுங்க. இந்த வாழவந்தி நாட்டுல அத்தன பேரும் ஜீப்பு வாங்குனாங்க, வேனு வாங்குனாங்க. தேவனூர்ல என்ற தம்பி செல்வம், மொளகு மூட்ட ஏத்தறாப்பல ஒரு வண்டி வாங்குனான். என்ற ஊட்டுக்காரரு தனபாலு என்ன வாங்குனாரு? செவப்புக் கலருல, தரையோட தரையா, பின்னாடி றெக்க வெச்சு ஒண்ணு. றெக்க எதுக்குங்கன்னு கேட்டேன். வேகமாப் போறப்ப வண்டி மேல தூக்காம அமுத்திப் புடிக்குமாமா. இந்த மலையில ரெண்டாவது கியருக்கு மேல எங்கீங்க போடறது? பதினெட்டு வருசமா அந்த றெக்கையில நான் துண்டும் பாவாடையும்தான் காயப்போட்டுட்டு இருக்கறேன். நல்லாக் காயுமுங்க, அதுல கொற சொல்ல முடியாது.

அப்பறம் அந்தத் தாழ்வு... வேகத்தடை வந்தா நான் எறங்கிக்கோணுமுங்க. நான் எறங்குனா வண்டி ரெண்டு வெரக்கட மேல ஏறுமாமா, அடி தட்டாதாமா. பட்டுச்சேல கட்டிட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் சரி, எறங்கி, நடந்து, ஏறோணும். ஒருக்கா நான் எறங்குனத மறந்துபோட்டு இவரு பாட்டுக்குச் செம்மேடு போயிச் சேந்துட்டாரு. திரும்பி வந்து என்ன சொன்னாரு தெரியுங்களா? என்னடா இன்னிக்கு வண்டி இத்தன அமைதியாப் போகுதேன்னு நெனச்சாராம். அப்பக்கூட வண்டி நல்லாருக்குதுன்னுதான் நெனச்சிருக்காரு.

பொண்டாட்டியக் கூட இப்படிப் பாக்க மாட்டாங்கன்னு ஊருக்குள்ள பேச்சு. பேச்சென்ன, நெசந்தானுங்க. கதவு ரப்பரு கிழிஞ்சு போச்சுன்னு கோயமுத்தூரு போயி, மூணு நாளு அலஞ்சு வாங்கிட்டு வந்தாரு. எனக்கு மூக்குக்கண்ணாடி வாங்க நாமக்கல் கூட்டிட்டுப் போறதுக்கு ரெண்டு வருசம் ஆச்சு. ஆயிலு மாத்துன தேதி கேளுங்க, தூக்கத்துல எழுப்புனாலும் சொல்லுவாரு. கல்யாணத் தேதி கேளுங்க, என்ற மூஞ்சியப் பாப்பாரு.

எங்கீங்க எந்திரிச்சுட்டீங்க? முன்னாடி மூடியெல்லாம் தொறக்க வேண்டாமுங்க தம்பி, அவரு வந்தரட்டும்... என்ன கேட்டீங்க? வழியில நின்னிருக்குதாவா?

அது... இல்லீங்க. பொய் சொல்லப்படாது. பதினெட்டு வருசத்துல ஒரு நாளு நின்னதில்ல. பஸ்சு ஸ்ட்ரைக்கு அன்னிக்கு என்ற புள்ள கோகிலாவுக்குக் கீழ பரிச்ச. விடியக்காலம், பனி எறங்கி முன்னால ஒண்ணுமே தெரியில. லைட்டப் போட்டா வெள்ள வேட்டியத் தொங்கவிட்டாப்பல இருக்குது. ஜீப்புக்காரங்க அத்தன பேரும் மாட்டேன்னு போட்டாங்க. இந்தக் காருல மேல ஒரு கண்ணாடி சன்னலு இருக்குது பாருங்க, அது வழியா நான் எந்திரிச்சு நின்னுக்கிட்டேன். செவுரு இடது பக்கம், இன்னும் ஒரு மொழம், இப்பத் திருப்புங்கன்னு நான் மேல இருந்து சொல்லச் சொல்ல, இவரு திருப்பித் திருப்பி எழுவது வளைவும் எறக்கிட்டாரு. புள்ள நேரத்துக்குப் பரிச்ச எழுதுச்சு. அன்னையில இருந்து பனின்னா அப்படித்தானுங்க. மேல நான், கீழ அவரு. எதுத்துப் பேசாம என்ற பேச்சக் கேக்கறது அந்த ஒரு எடத்துலதான். கீழ எறங்கிச் சேந்ததும் மேல பாத்து ஒரு சிரிப்புச் சிரிப்பாரு. அது எனக்கு ரொம்பப் புடிக்குமுங்க.

அப்பறம் ஏன் விக்கறீங்கன்னா... எப்படிங்க சொல்றது. எல்லாம் இந்த வாயாலதான். தெனமும் காலையில எந்திரிச்சா, இந்தத் தகரத்த வித்துத் தொலைங்கன்னு சொல்லுவேன். வாய்ப் பழக்கமுங்க, வேற ஒண்ணுமில்ல. சொல்லீட்டுத்தான் அடுப்பே பத்த வெப்பேன். பதினெட்டு வருசமாக் காதுல போட்டுக்காத மனுசன், போன வெள்ளிக்கெழம சோத்துல கைய வெச்சுட்டு, "சரி சுகுணா, வித்தரலாம்"னாரு. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறே எறங்கலீங்க. ஆனா வித்துத் தொலைங்கன்ன வாயில விக்க வேண்டாம்னு எப்படிச் சொல்லறது? ஊரக் கூட்டிச் சொல்லிச் சிரிப்பாரே.

ஐயோ, பேசிட்டு இருக்கையிலயே தொறந்து போட்டீங்களா... ஆமாங்க. அந்தக் கட்டம் காலியாத்தான் இருக்கும். இந்தாங்க, பாருங்க, முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கறேன். பெட்ரோல் பம்புக்குப் போற பியூஸு. முருகானந்தம் கழட்டி மாட்டறதப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். கெளம்பாத வண்டிய யாரு வாங்குவாங்க, வந்தவங்க போயிருவாங்கன்னு நெனச்சேன். உங்களத்தான் அலைக்கழிச்சுப் போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க சாமி.

ஆனா ஒண்ணு பாருங்க. இத எடுத்தா வண்டி கர்ரு கர்ருன்னு சுத்தும், புடிக்காது. அவ்வளவுதான். இவரு உங்க முன்னால சாவியத் திருகுனப்ப ஒரு சத்தமும் வரலீங்களே... என்ன காட்டறீங்க? பேட்டரி ஒயரா? கழண்டு கெடக்குதா? அத நான் தொடலீங்க. அதுக்கு ஸ்பேனரு வேணும், ஸ்பேனரு பெட்டிய இவரு பூட்டியில்ல வெச்சிருப்பாரு.

இருங்க... இருங்க. காலையில அஞ்சு மணிக்குத் துணிய எடுத்துட்டு காருகிட்டப் போனாரு. கடசியா ஒருக்காத் தொடைக்கறாராக்கும்னு சன்னல்ல நின்னு பாத்து எனக்கு அழுகையே வந்திருச்சு. தொடைக்கலீங்க தம்பி. கழட்டியிருக்காரு.

திருட்டு மனுசன். அவருக்கும் மனசில்ல. நான் தெனமும் கேக்கறேனேன்னு எனக்காகச் சரீன்னிருக்காரு. சொன்ன சொல்ல மாத்தவும் முடியில, குடுக்கவும் முடியில. ஒரே ஊட்டுல இருந்துட்டு ரெண்டு பேரும் ஒரு காருக்குள்ள ஆளுக்கு ஒண்ணக் கழட்டியிருக்கறோம்.

அந்தா வாராரு பாருங்க. தனியாத்தான் வாராரு. முருகானந்தம் ஊட்டுப் பக்கமே தலவெச்சுப் படுத்திருக்க மாட்டாரு. நீங்க ஒண்ணும் பேசாதீங்க, நான் பாத்துக்கறேன்.

ஏனுங்க, மெக்கானிக்கு ஊட்டுல இல்லீங்களா? ஓ, பக்கத்துல குண்டூரு போயிட்டானா. சரி, போவுது உடுங்க. தம்பிக்கு வண்டி புடிக்கலயாமா. நெசமாத்தாங்க. இதுக்கு எதுக்குங்க இப்படிப் பல்லக் காட்டறீங்க, வந்தவரு மூஞ்சியப் பாருங்க பாவம். அடுத்த பஸ்சுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குது. தம்பிய மல அடிவாரம் காரவள்ளி வரைக்கும் நம்ம காருலயே கொண்டுபோயி உட்டுட்டு வந்தரலாம்.

கெளம்பாத வண்டியில எப்படியாவா? அப்படி முழிக்காதீங்க. போயி ஸ்பேனர எடுத்துட்டு வாங்க. நீங்க ஒயர மாட்டுங்க, நான் பியூஸ மாட்டறேன்.